அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை: வாக்காளர் இடாப்பில் தொலையும் பெயர்கள்

கேள்வி: நாங்கள் மல்லாவியில இருக்கிறம். வீட்டில வாக்குப் போடுற வயதில ஆறு பேர். போன தேர்தலில எனக்கும் கணவருக்கும் மாமிக்கும் மட்டும்தான் வாக்காளர் அட்டை வந்தது. மகன் கட்டுநாயக்காவில கார்மென்ற்ஸில வேலை, போர்டிங்கில நிக்கிறார். அவரின்ர பேரை வெட்டிப்போட்டினம். மருமகளுக்கு அக்கராயன், கலியாணம் முடிச்சு இரண்டு வருசமாச்சு, அவவின்ர பேர் அங்கயும் இல்லை இங்கயும் இல்லை. மகளுக்கு ஒக்டோபரில 18 முடிஞ்சிட்டுது. மாமிக்கு 81 வயது, கண் மங்கல், ஐ.சி.யில படமும் இலக்கமும் அழிஞ்சுபோச்சு. கணவரின்ர தமையன் குடும்பம் தமிழ்நாட்டு முகாமில இருந்து வந்து எங்களுக்குப் பக்கத்தில இருக்கினம். அவையின்ர மகன் அங்க பிறந்தவன், 22 வயது. மாகாண சபைத் தேர்தல் வரப்போகுதெண்டு கதைக்கினம். இப்பவே என்ன செய்ய வேணும்? ஜி.எஸ்.ஸை (கிராம அலுவலரை) கேட்டால் "தேர்தல் வரட்டும், பிறகு பாப்பம்" எண்டுறார். விருப்பு வாக்கு எப்பிடிப் போட்டால் செல்லாமல் போகும் எண்டதையும் எழுதுங்கோ.
மல்லாவி வாசகி ஒருவர்

பதில்: "தேர்தல் வரட்டும்" என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். தேர்தல் அறிவித்தல் வந்த பிறகு யாருடைய பெயரையும் இடாப்பில், அதாவது வாக்காளர் பட்டியலில், ஏற்ற முடியாது. அந்த நேரத்தில் நடைமுறையில் இருக்கிற, அத்தாட்சிப்படுத்திய இடாப்பை வைத்துத்தான் வாக்கெடுப்பு. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பயன்பட்டது 2024 இடாப்பு. பிரசாரம் சூடுபிடித்த பிறகு கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) ஓடுகிறவர்களுக்கு அங்கே கிடைக்கும் பதில் "அடுத்த வருசம் பாருங்கோ" என்பதாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டில் குறைந்த வாக்குகள் வாக்குச் சாவடியில் குறையவில்லை, பட்டியல் தயாரித்த மாதங்களில் குறைந்தவை.

அந்தப் பட்டியல் தயாராகும் விதத்தைத் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விகளில் பாதி தீரும். 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கத் தேருநர் பதிவுச் சட்டப்படி வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. முன்பு யூன் 1 தகுதித் திகதியாக இருந்தது. 2021இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பெப்ரவரி 1 ஆயிற்று. அன்றைக்கு நீங்கள் எந்த முகவரியில் சாதாரணமாக வசிக்கிறீர்களோ அந்தக் கிராம அலுவலர் பிரிவில்தான் பதிவு. கிராம அலுவலர் வீடு வீடாக விபரம் எடுக்கிறார், பீ.சீ. படிவம் என்று ஊரில் சொல்வது இதற்குரிய படிவத்தைத்தான். அவர் கொடுக்கும் விபரத்திலிருந்து மாவட்டத் தேர்தல்கள் அலுவலகம் இரண்டு பட்டியல் தயாரிக்கும். நீக்கப்படவுள்ள பெயர்கள் ஒன்றில், புதிதாகச் சேர்க்கப்படவுள்ள பெயர்கள் மற்றதில். ஏ பட்டியல், பி பட்டியல் என்பார்கள். இரண்டும் மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், பிரதேச சபை, கிராம அலுவலர் அலுவலகம் ஆகியவற்றில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். வரவேண்டிய பெயர் வராவிட்டால் உரிமைக் கோரிக்கை, வரக்கூடாத பெயர் வந்திருந்தால் ஆட்சேபனை. இரண்டுக்கும் அறிவித்தலிலேயே கடைசித் திகதி இருக்கும். அது தாண்டினால் இடாப்பு அத்தாட்சிப்படுத்தப்பட்டு மூடப்படும்.

இதில் பெரும்பாலானோர் பார்க்காமல் விடுவது ஏ பட்டியலை. புதிதாகப் பதிந்தவர்கள் பி பட்டியலைத் தேடிப் போய்ப் பார்ப்பார்கள். பத்து வருடமாக வாக்களித்து வருகிறவர், தன் பெயரை யாரோ வெட்டப் போகிறார்கள் என்று நினைக்கவே மாட்டார். உங்கள் மகனுடைய பெயர் போனது அப்படித்தான் இருக்கும்: விபரம் எடுக்க வந்தபோது ஆள் வீட்டில் இல்லை, "அவர் கொழும்புப் பக்கம்" என்று யாரோ ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள், நீக்கும் பட்டியலில் பெயர் ஏறியிருக்கும். ஒருவரும் ஆட்சேபிக்காததால் அது அப்படியே போயிற்று.

மருமகளின் கதை வேறு. வன்னியில் கலியாணம் முடித்து இடம் மாறும் பெண்பிள்ளைகளுக்கு அடிக்கடி நடப்பது. அக்கராயனில் விதானையார் (கிராம அலுவலர்) "பிள்ளை கலியாணம் கட்டிப் போட்டுது" என்று பெயரை வெட்டச் சொல்லியிருப்பார். அவர் செய்தது சரிதான், ஆள் அங்கே வசிக்கவில்லை. ஆனால் அங்கே வெட்டுவதால் மல்லாவியில் தானாக ஒட்டாது. இரண்டு கிராம அலுவலரும் ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்வார்கள் என்று நம்பி இருந்தால் பெயர் நடுவழியில் தொலையும். இந்த விடயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: அக்கராயன் கிளிநொச்சி மாவட்டம், கரைச்சிப் பிரதேச செயலகப் பிரிவு. மல்லாவி முல்லைத்தீவு மாவட்டம், துணுக்காய்ப் பிரிவு. இரண்டு ஊரும் பக்கம் பக்கம் என்றாலும் கோப்புகள் இரண்டு கச்சேரிகளில்.

வாக்கின் பெறுமதியும் இதனால் இடம் மாறுகிறது. கிளிநொச்சியும் வன்னிதான் என்று நாமெல்லாம் சொல்கிறோம், மண்ணும் குளமும் அப்படித்தான். தேர்தல் சட்டத்தில் அப்படி இல்லை. வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்று மூன்று தொகுதிகள். கிளிநொச்சித் தொகுதி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வன்னிக்கு 6 ஆசனம், யாழ்ப்பாணத்துக்கும் 6. மருமகள் அக்கராயனில் பதிந்திருந்தால் அவருடைய வாக்கு யாழ்ப்பாண வேட்பாளர்களுக்கு, உங்களுடையது வன்னி வேட்பாளர்களுக்கு. மாகாண சபைத் தேர்தலில் கணக்கு மறுபடி மாறும். அங்கே ஒவ்வொரு நிர்வாக மாவட்டமும் தனித்தனி. 2013 செப்டெம்பர் 21இல் நடந்த வட மாகாண சபைத் தேர்தலில் யாழ்ப்பாணத்துக்கு 16, வவுனியாவுக்கு 6, மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் தலா 5, கிளிநொச்சிக்கு 4, போனஸ் 2 சேர்த்து 38 ஆசனம்.

மருமகளுக்குச் செய்ய வேண்டியது இது. அக்கராயன் கிராம அலுவலரிடம் போய், இடாப்பிலிருந்து பெயர் நீக்கப்பட்டதையும் குடும்ப அட்டையிலிருந்து வெட்டப்பட்டதையும் எழுத்தில் வாங்குங்கள். அதோடு விவாகச் சான்றிதழ்ப் பிரதி, அடையாள அட்டைப் பிரதி இரண்டையும் வைத்து உங்கள் கிராம அலுவலரிடம் பதிவுக்குக் கொடுங்கள். எதைக் கொடுத்தாலும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதி, கையொப்பம், றப்பர் முத்திரை மூன்றையும் வாங்கி வீட்டில் வையுங்கள். "பிறகு பாப்பம்" என்கிறவர் அதைச் செய்யப் பின்னடித்தால் சண்டை பிடிக்க வேண்டாம். அதே விண்ணப்பத்தை முல்லைத்தீவு மாவட்டச் செயலகத்தில் உள்ள தேர்தல்கள் அலுவலகத்துக்கு, உதவித் தேர்தல்கள் ஆணையாளர் என்று முகவரியிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் ரசீதும் சான்றுதான். உரிமைக் கோரிக்கை கொடுத்தால் விசாரணைக்கு அழைப்பார்கள். அன்றைக்கு அந்த மூலப்பத்திரங்களோடு மருமகளே போக வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். குடும்ப அட்டையில் பெயர் ஏறிவிட்டது, அஸ்வெசும நிவாரணப் பட்டியலில் வந்துவிட்டது, ஆகவே வாக்கும் வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இவை வேறு வேறு பதிவுகள். இடம்பெயர்ந்து, முகாமில் பதிந்து, மீள்குடியேறி, பிள்ளைகளின் படிப்புக்காக வவுனியா நகரத்தில் வீடு எடுத்து என்று நான்கு இடத்தில் நான்கு பதிவு வைத்திருக்கும் குடும்பங்கள் வன்னியில் நிறைய. நிவாரணத்துக்கு எங்கே பதிந்திருந்தாலும், வாக்காளர் இடாப்பில் ஒருவருக்கு ஓரிடம்தான். இரண்டு இடத்தில் பெயர் இருந்தால் "ஒன்று போனாலும் ஒன்று இருக்கும்" என்று ஆறுதல் அடையாதீர்கள்; தெரிந்தே அப்படிப் பதிவது குற்றம், ஆட்சேபனை வந்தால் இரண்டுமே கேள்விக்குள்ளாகும்.

பெயரைச் சேர்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு, தேர்தலோடு சம்பந்தமில்லாதது. முதலாம் தர அனுமதிக்கு, பாடசாலைக்கு அருகில் வசிப்போர் பிரிவில் விண்ணப்பித்தால், பெற்றோரின் பெயர் முந்திய ஐந்து ஆண்டு இடாப்பில் இருந்ததா என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். தாயின் பெயர் விடுபட்ட ஒவ்வொரு வருடமும் புள்ளி குறையும். மருமகளுக்கு நாளை ஒரு பிள்ளை பிறந்து பள்ளிக்குப் போகிறபோதுதான் இது தெரியவரும், அப்போது பின்னோக்கிப் பதிய வழியில்லை.

மகளுக்கு நல்ல செய்தி. முன்பெல்லாம் 18 வயது நிறைந்ததா என்று பார்க்க வருடத்தில் ஒரே ஒரு திகதிதான் இருந்தது. அதற்கு அடுத்த நாள் பிறந்தநாள் வந்த பிள்ளை முழு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது 18 ஆகிறவர்களுக்குத் துணை இடாப்பு வருடத்தில் மூன்று தடவை தயாராகிறது: பெப்ரவரி 1 முதல் மே 31 வரை 18 ஆகிறவர்கள், யூன் 1 முதல் செப்டெம்பர் 30 வரை, ஒக்டோபர் 1 முதல் ஜனவரி 31 வரை. உங்கள் மகள் மூன்றாவது காலப்பகுதிக்குள் வருகிறார். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் கொண்டு இன்றைக்கே கிராம அலுவலரிடம் போகலாம். அடையாள அட்டைக்கு 15 வயதிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் பாடசாலை மூலம் எடுத்திருப்பார். அப்படியானால் வேலை சுலபம்.

மகன் விடயத்தில் முடிவு அவருடையது. அவருக்கு இரண்டு வழி. வேலைக்காகத் தற்காலிகமாக வெளியே தங்கியிருப்பவர், விடுமுறைக்கெல்லாம் திரும்பி வருகிற தன் வீட்டை நிரந்தர வசிப்பிடமாகக் காட்டிப் பதியலாம். போர்டிங்கிலேயே வருடக்கணக்காக இருப்பவர் அங்கே பதியலாம். அப்போது அவருடைய வாக்கு கம்பஹா மாவட்டத்துக்கு. போர்டிங் வீட்டுச் சொந்தக்காரர்கள் பெயர் சேர்க்க விடுவது அபூர்வம், வாடகைக்கு இருப்பவர் பின்னர் வீட்டில் உரிமை கேட்பார் என்ற வீண் பயம். வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பதால் வீட்டிலோ காணியிலோ யாருக்கும் உரித்து வராது. அவருக்கு வீட்டோடு பந்தம் இருக்கும்வரை மல்லாவியில் பதிவதே மேல் என்று நினைக்கிறேன். மனைவியும் இங்கேதான் இருக்கிறார். மறுபடி விபரம் எடுக்க வரும்போது "கொழும்புப் பக்கம்" என்று சொல்லாமல், "இது அவருடைய நிரந்தர வீடு, வேலைக்காக வெளியே தங்குகிறார்" என்று தெளிவாகச் சொல்லி, படிவத்தில் அப்படியே எழுதுவிக்க வேண்டும்.

வாக்களிக்க வருவதற்கு லீவு பற்றி அவர் பயப்படத் தேவையில்லை. எழுத்தில் கேட்டால் குறைந்தது நான்கு மணித்தியாலம் சம்பளத்தோடு விட வேண்டும் என்பது சட்டம். அது ஊரில் வேலை செய்கிறவருக்குப் போதும். கட்டுநாயக்காவிலிருந்து மல்லாவிக்கு நான்கு மணித்தியாலத்தில் வந்து திரும்ப முடியாது. அதற்காகத் தனியார் துறைக்குத் தூரக் கணக்கில் ஒரு வழிகாட்டல் இருக்கிறது: 40 கிலோமீற்றர் வரை அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், 150க்கு மேல் இரண்டு நாள். உங்கள் மகனுக்கு இரண்டு நாள். வாயால் கேட்டால் "லைன் லீடர் விடேல்லை" என்று முடிந்துவிடும். ஒரு வாரத்துக்கு முன்னரே கடிதம் கொடுத்து, வாக்காளர் அட்டையின் பிரதியையும் இணைத்து, மனிதவளப் பிரிவில் பெற்றுக்கொண்ட ஒப்பம் வாங்கச் சொல்லுங்கள். தபால் வாக்கு அவருக்குக் கிடையாது. அது தேர்தல் கடமையில் இருக்கும் அரச ஊழியர், பொலிஸ், முப்படை, தபால், புகையிரதம், இலங்கைப் போக்குவரத்துச் சபை போன்ற சேவைகளில் இருப்போருக்கு. வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கிருந்து வாக்களிக்கவும் வழியில்லை.

மாமியிடம் வருவோம். இடாப்பில் பெயர் இருக்கிறது, அட்டையும் வருகிறது. ஆளை நிரூபிக்கத்தான் ஒன்றுமில்லை. வாக்காளர் அட்டை அடையாள ஆவணம் அல்ல. அது இல்லாமலும் வாக்களிக்கலாம், அடையாள ஆவணம் இல்லாமல் முடியாது. தேசிய அடையாள அட்டை, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரம், அரச ஓய்வூதியர் அடையாள அட்டை, முதியோர் அடையாள அட்டை, மதகுருமாருக்கு ஆட்பதிவுத் திணைக்களம் கொடுக்கும் அட்டை, தேர்தல்கள் ஆணைக்குழு கொடுக்கும் தற்காலிக அடையாள அட்டை, இவற்றில் ஒன்று வேண்டும். படமும் இலக்கமும் தெரியாத அட்டையை வாக்குச் சாவடியின் தலைமைதாங்கும் அலுவலர் திருப்பிவிடலாம். அதைக் குறை சொல்ல முடியாது, ஆளையும் அட்டையையும் பொருத்திப் பார்க்க அவரிடம் வேறு வழியில்லை.

மாமிக்கு வேகமான வழி முதியோர் அடையாள அட்டை. 60 வயது கடந்தவர்களுக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவு மூலம் கிடைக்கும். வைத்தியசாலை, வங்கி வரிசைகளிலும் உதவும். அதே நேரம் பழைய அடையாள அட்டைக்குப் பதிலாகப் புதியதற்கும் கிராம அலுவலர் ஊடாக விண்ணப்பியுங்கள். அட்டை தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி கேட்பார்கள். அழிந்த அட்டை கையில் இருந்தால் அதையே ஒப்படைக்கலாம். தேர்தல் அறிவித்த பிறகும் எதுவும் வந்து சேராவிட்டால், கடைசி ஏற்பாடு தற்காலிக அடையாள அட்டை: இரண்டு புகைப்படத்தோடு கிராம அலுவலரிடம் விண்ணப்பம். வாக்கெடுப்புக்கு ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு முன் முடிவுத் திகதி வந்துவிடும் என்பதால் கடைசி நாள்வரை வைத்திருக்காதீர்கள்.

கண் மங்கல் என்பதற்கு 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வழி தருகிறது. முழுதாகவோ பகுதியாகவோ பார்வை குறைந்தவரும் உடல் இயலாதவரும் தமக்கு நம்பிக்கையான ஒருவரை உதவியாளராகக் கூட்டிச் செல்லலாம். உதவியாளருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அவர் வேட்பாளராகவோ கட்சி முகவராகவோ இருக்கக்கூடாது. இதற்குத் தகைமைச் சான்றிதழ் ஒன்று உண்டு. படிவத்தைக் கிராம அலுவலரிடம் எடுத்து, அரச வைத்தியரின் கையொப்பமும் வாங்கி முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும். மல்லாவி ஆஸ்பத்திரிக்கு மாமி கிளினிக் போகும் நாளில் அதையும் கொண்டு போனால் ஒரே பயணத்தில் முடியும். சான்றிதழ் இல்லாமல் போனால் வாக்கு இழக்கப்படாது. தலைமைதாங்கும் அலுவலர் இன்னொரு அலுவலர் முன்னிலையில், மாமி சொல்கிறபடி அடையாளமிட்டுக் கொடுப்பார். ஆனால் யாருக்குப் போடுகிறேன் என்று அலுவலருக்குச் சொல்ல மாமி விரும்புவாரா என்று அவரிடமே கேளுங்கள்.

அன்றைக்கு வாகனத்தில் ஏற்றிப் போக யாராவது கட்சிக்காரர் ஓட்டோ அனுப்பினால் ஏற்காதீர்கள். வாக்காளரை ஏற்றி இறக்குவது தேர்தல் குற்றம். வீட்டுக்காரரின் சொந்த வாகனத்தில் குடும்பமாகப் போகலாம். நடக்க முடியாதவருக்கு வேறு வாகனம் தேவையென்றால், மாவட்டத்தில் தேர்தலை நடத்தும் தெரிவத்தாட்சி அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும்.

தமையனாரின் மகன் விடயத்தில் அவசரப்படாதீர்கள். தமையனும் மனைவியும் இலங்கைப் பிரசைகள். அடையாள அட்டை இருந்தால் அவர்களுக்கு வசிப்பிடப் பதிவு மட்டுமே வேலை. மகன் இந்தியாவில் பிறந்தவர். பெற்றோர் இலங்கையராக இருப்பதாலேயே அவருக்குத் தானாகப் பிரசாவுரிமை வந்துவிடாது. பிரசாவுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவின்படி அந்தப் பிறப்பு இலங்கை அரசில் பதியப்பட்டிருக்க வேண்டும். சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பெற்றோர் அப்போதே பதிந்து பிரசாவுரிமைச் சான்றிதழ் எடுத்திருந்தால் பிரச்சினை இல்லை. முதலில் பெட்டியில் அந்தக் கடதாசி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், அவர்களுடைய அடையாள அட்டைகள் ஆகியவற்றோடு குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரசாவுரிமைப் பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் விசாரித்தால் வழிகாட்டுவார்கள். அது கிடைத்த பிறகு அடையாள அட்டை, அதன் பிறகே வாக்காளர் பதிவு. "பெடியன் இங்கதானே நிக்கிறான், பேரைப் போடுங்கோ" என்று கிராம அலுவலரைக் கொண்டு படிவத்தில் ஏற்றுவித்தால் இன்றைக்கு ஒரு வாக்கு கிடைக்கலாம். பிரசாவுரிமை விண்ணப்பத்தை விசாரிக்கிறவர் பிழையான பிரகடனம் ஒன்றைக் கண்டுபிடிப்பது அவனுக்கு நல்லதல்ல.

இனி நீங்கள் கடைசியில் கேட்டது. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் நிராகரிக்கப்பட்ட வாக்கு 3,00,300. இரண்டு மாதம் கழித்து நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தலில், குறைந்த பேர் வாக்களித்தும், அது 6,67,240. வேண்டுமென்றே பழுதாக்கியவர்களும் இதில் இருப்பார்கள். ஆனாலும் ஒவ்வொரு தேர்தலிலும் அடையாளமிடும் முறை வேறு என்பது பெரிய காரணம்.

ஜனாதிபதித் தேர்தலில் ஒரே பட்டியல், 1, 2, 3 என்று விருப்பு எண் இடலாம், அல்லது ஒருவருக்கு மட்டும் புள்ளடி (X). இரண்டையும் கலக்கக்கூடாது. உள்ளூராட்சித் தேர்தலில் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரே ஒரு புள்ளடி, விருப்பு வாக்கே இல்லை. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குச்சீட்டு இரண்டு பகுதி. மேலே கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் சின்னங்களோடு. கீழே வேட்பாளர் இலக்கங்கள் மட்டும், பெயர் இருக்காது. வன்னியில் 6 ஆசனத்துக்கு ஒவ்வொரு பட்டியலிலும் 9 வேட்பாளர், ஆகவே 9 இலக்கம். முதலில் மேலே ஒரு கட்சிக்குப் புள்ளடி. பிறகு கீழே, அந்தக் கட்சியின் வேட்பாளரில் விரும்பிய மூவர் வரை அவர்களுடைய இலக்கத்தின் மேல் புள்ளடி. கீழே 1, 2, 3 என்று எழுதுவதில்லை.

எது முழு வாக்கையும் கொல்லும், எது விருப்பை மட்டும் கொல்லும் என்று பிரித்துத் தெரிந்திருங்கள். மேலே இரண்டு கட்சிக்குப் புள்ளடியிட்டால் சீட்டு முழுதும் செல்லாது. மேலே ஒன்றும் இடாமல் கீழே மட்டும் மூன்று இலக்கத்துக்கு இட்டாலும் செல்லாது. வேட்பாளரின் படத்தை நினைவில் வைத்து, "13ஆம் வாய்க்காலைக் கட்டித் தந்தவர் இவர்" என்று இலக்கத்தை மட்டும் தேடி இடுகிறவர்கள் இந்தப் பிழையைச் செய்கிறார்கள். சீட்டில் பெயரோ, கையொப்பமோ, யார் போட்டது என்று கண்டுபிடிக்கக்கூடிய எழுத்தோ இருந்தாலும் நிராகரிப்பு. ஆனால் கீழே மூன்றுக்கு மேல், நான்கு ஐந்து இலக்கத்துக்கு இட்டுவிட்டால், போவது விருப்பு வாக்கு மாத்திரம். கட்சி வாக்கு நிற்கும். கை தவறிக் கோணலாக இட்டுவிட்டால் அதைப் பெட்டியில் போட வேண்டாம். தலைமைதாங்கும் அலுவலரிடம் திருப்பிக் கொடுத்தால் அதை இரத்துச் செய்து வேறு சீட்டுத் தருவார். இதைக் கேட்க வெட்கப்பட்டே எத்தனையோ பேர் பழுதான சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறார்கள்.

சின்னத்தை நம்பிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 செப்டெம்பரில் ஒரு ஜனாதிபதி வேட்பாளரின் சின்னமாக இருந்த சங்கு, நவம்பரில் வன்னியில் ஒரு கூட்டணியின் சின்னமாயிற்று. போன முறை போட்ட சின்னத்துக்கே இம்முறையும் போடுகிறேன் என்று போகாமல், இந்த முறை அது யாருடையது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

மாகாண சபைத் தேர்தல் வந்தால் எப்படி அடையாளமிடுவது என்பது, எந்தச் சட்டத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. 1988ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டப்படி 2013இல் நடந்தது போல நடந்தால், நாடாளுமன்றத் தேர்தலில் செய்வதுதான்: கட்சிக்கு ஒரு புள்ளடி, மூவர் வரை விருப்பு. 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் திருத்தம் தொகுதியையும் விகிதாசாரத்தையும் பாதிக்குப் பாதி கலந்தது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்ட்டில் நாடாளுமன்றம் தோற்கடித்தது. வடக்கு சபையின் காலம் அதே வருடம் ஒக்டோபரில் முடிந்து, அந்த இழுபறியில் தேர்தல் தள்ளிப் போயிற்று. முறை எதுவானாலும் வாக்காளர் இடாப்பு ஒன்றே என்பதால், மேலே சொன்ன வேலைகளுக்கு எந்தச் சட்டம் வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

வாக்கெடுப்பு நாளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை. வாக்காளர் அட்டை வராவிட்டால் அடையாள ஆவணத்தோடு உங்கள் தபாலகத்துக்குப் போய் வாங்கலாம். ஒழுங்கை இலக்கம் இல்லாத மீள்குடியேற்றக் கிராமங்களில் அட்டைகள் உப தபாலகத்தில் தேங்குவது வழமை, ஆகவே ஒரு நடை போய்ப் பார்ப்பது நல்லது. கைத்தொலைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சீட்டைப் படம் எடுப்பது குற்றம். மை பூசுவது வழமையாக இடது கைச் சின்னி விரலில். 2024 நவம்பரில் செப்டெம்பர் மை அழியாமல் இருந்ததால் இடது கை ஆள்காட்டி விரலில் பூசினார்கள். உங்கள் பெயரில் யாரோ ஏற்கெனவே வாக்களித்துவிட்டதாகச் சொன்னால் திரும்பி வராதீர்கள். தலைமைதாங்கும் அலுவலரிடம் பிரகடனம் ஒன்றில் கையொப்பமிட்டு வேறு சீட்டுக் கேட்கும் உரிமை சட்டத்தில் உண்டு. அந்தச் சீட்டு பெட்டிக்குள் போகாமல் தனி உறையில் வைக்கப்படும்.

இன்றைக்கே வீட்டில் இருந்தபடி செய்யக்கூடியது ஒன்று: தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் மாவட்டத்தைத் தெரிந்து, அடையாள அட்டை இலக்கத்தை இட்டு ஆறு பேரின் பெயரையும் தேடிப் பாருங்கள். பெயர் இல்லை என்று வந்தவுடன் பதறாதீர்கள். 9 இலக்கமும் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய அட்டை இலக்கம் இடாப்பில் இருந்து, நீங்கள் 12 இலக்கப் புதிய அட்டையின் எண்ணை இட்டிருந்தால் தேடல் தவறலாம். இரண்டையும் இட்டுப் பாருங்கள். புதிய அட்டை இல்லாதவர் தானே கணக்கிடலாம்: பழைய எண்ணின் முன்னால் 19, அதன் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0, கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும். மருமகளின் பெயரை முல்லைத்தீவில் மட்டும் தேடாமல் கிளிநொச்சியிலும் தேடுங்கள். அங்கே இன்னும் இருந்தால், மேலே சொன்ன அக்கராயன் கடிதத்தில் "நீக்கப்பட்டது" என்பதற்குப் பதிலாக "நீக்கச் சிபாரிசு செய்யப்படுகிறது" என்று எழுதுவிக்க வேண்டியிருக்கும்.